கணுக்கால் வாக்கர் பூட்: ஒரு வருடம் கழித்து

எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி, கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் உடைந்துவிட்டது. ப்ளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே எனக்கு வாட்ஸ்அப்: "அக்கா, தையல் பிரிச்சதும் பூட் வாங்கணுமாம். நீங்க போட்டிருந்தீங்களே, எப்படி? வாங்கலாமா?" வாய்ஸ் மெசேஜில் பதில் சொல்லத் தொடங்கினேன். பேச்சு எங்கெங்கோ போனதில் பாதியில் அழித்துவிட்டேன். அந்தப் பூட்டின் மேல் எனக்கு இன்னும் இவ்வளவு கோபம் பாக்கி இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எழுதிவிடுவது நல்லது.

எனக்கும் அதே உடைப்புதான், வலது காலில். பூட் எப்படி இருக்கும் என்று விவரிக்கப் போவதில்லை. பஸ்ஸிலோ கல்யாண வீட்டிலோ யாராவது ஒருவர் காலில் எல்லோரும் பார்த்திருப்போம். இரு பக்கமும் கெட்டியான பட்டை, உள்ளே மெத்தை உறை, குறுக்கே வெல்க்ரோ வார்கள், முன்னும் பின்னும் வளைந்த அடி. என்னுடையதில் காற்றடித்துக்கொள்ளும் பையும் உண்டு. விலை மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல்.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாவுக்கட்டோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். கழற்றலாம், காலைக் கழுவலாம், தையல் போட்ட இடத்தைப் பார்க்கலாம், அரித்தால் சொறியலாம். கடைசியாகச் சொன்னதற்காகவே பணம் கொடுக்கலாம். உட்கார்ந்திருக்கும்போது கழற்றி வைத்துவிட்டுப் பயிற்சி செய்யலாம். கால் கட்டை விரலால் காற்றில் ஏ பி சி டி எழுதச் சொன்னார் பிசியோ. நான் அ ஆ இ எழுதினேன். ஒரு 'இ' எழுதி முடிப்பதற்குள் கணுக்கால் எல்லாத் திசைக்கும் போய்த் திரும்பிவிடுகிறது, ஆங்கில 'ஐ'யில் என்ன இருக்கிறது? அடிப்பாகம் வளைந்திருப்பதால் கணுக்கால் மடங்காமலே பாதம் முன்னால் உருண்டு அடுத்த அடிக்குப் போகிறது. காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே கைப்பிடி வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தேன். பயந்த அளவுக்கு வலி இல்லை. அந்த வேலையில் பூட்டைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது.

சரி, இப்போது உயரத்துக்கு வருகிறேன்.

பூட்டின் அடி தடிமன். மெத்தையும் சேர்த்து ஒன்றரை அங்குலம் இருக்கும். வீட்டுக்குள்ளும் ஷூ போட்டு நடக்கிற ஊரில் இது பெரிய விஷயமில்லை. மற்ற காலில் கொஞ்சம் தடித்த ஷூ போட்டுக்கொண்டால் இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். கடைக்காரரும் அதையே சொன்னார்: "இன்னொரு கால்ல ஷூ போட்டுக்குங்க மேடம், சரியாயிடும்." வீட்டுக்குள் எந்த ஷூவைப் போடுவது? அடுப்படியில் ஷூ போட்டுக்கொண்டு நிற்கும் மருமகளை என் மாமியார் இந்த ஜென்மத்தில் பார்க்கத் தயாராக இல்லை. ஆகவே வலது கால் ஒன்றரை அங்குலம் மேலே, இடது கால் வெறும் தரையில். ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஒரு பக்கம் ஏறி இறங்கும். சில நாளிலேயே இடுப்பில் பிடித்துக்கொண்டது, அப்புறம் இடது முழங்கால். ராத்திரி வென்னீர்ப் பை கணுக்காலுக்கா என்று கணவர் கேட்டால், இல்லை, இடுப்புக்கு. உடைந்தது ஓரிடம், வலித்தது வேறிடம். இவ்வளவு யோசித்துச் செய்த பொருளில், வாங்குகிறவர்கள் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பார்கள் என்பது மட்டும் எப்படி ஒருவருக்கும் தோன்றவில்லை? பெட்டியில் அளவு அட்டவணை இருக்கிறது, ஐந்து மொழிகளில் எச்சரிக்கை இருக்கிறது, மற்ற காலைப் பற்றி ஒரு வரி இல்லை.

மற்ற காலின் செருப்புக்கு அடியில் மாட்டிக்கொள்கிற ரப்பர் தட்டு ஒன்று வெளிநாடுகளில் தனியாகவே கிடைக்கிறது. இங்கே வரவழைக்கப் பார்த்தேன். விலையைப் பார்த்துவிட்டு மூடி வைத்தேன்.

தீர்த்து வைத்தவர் உறையூரில் மரத்தடியில் கடை போட்டிருக்கும் செருப்பு தைக்கிற அண்ணன். கணவர் என் பழைய இடது கால் செருப்பையும் பூட்டையும் தூக்கிக்கொண்டு போனார். அண்ணன் பூட்டைத் திருப்பிப் பார்த்து, விரலாலேயே தடிமனை அளந்து, எம்சிஆர் என்கிற மெத்தென்ற ரப்பரை அடுக்கி ஒட்டி, ஓரம் சீவி, கொஞ்ச நேரத்தில் கொடுத்துவிட்டார். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. "இது சர்க்கரைக்காரங்க செருப்புக்குப் போடுற ரப்பர், கால் நோவாது" என்றாராம். போட்டு நின்றதும் இடுப்பு நேராகிவிட்டதை உடம்பே சொன்னது. பிசியோவிடம் காட்டியபோது அவர் ஒரு கதை சொன்னார். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் 1950-களிலும் 60-களிலும் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும், தொழுநோயால் உணர்ச்சி போன பாதங்களில் புண் வராமல் காக்கத்தான் இந்த ரப்பரைச் செருப்புக்குக் கொண்டுவந்தார்களாம். அங்கிருந்து சர்க்கரை நோயாளிகளுக்கு வந்து, மரத்தடி வரை வந்து, என் இடது காலுக்கும் வந்திருக்கிறது. இந்தப் பகிர்வில் ஐந்துக்கு ஐந்து வாங்கும் பொருள் இது ஒன்றுதான். ஆனால் இது நான் வாங்கிய பெட்டியில் வரவில்லை.

மாமியாரிடம் ஒப்புதல் வாங்கியது தனிக் கதை. தெருவில் போடாத செருப்பு என்று சத்தியம் செய்தபின் அடுப்படிக்கு அனுமதி கிடைத்தது. பூஜை அறைக்குக் கிடையாது. அப்படியானால் பூட்? அது கட்டு மாதிரிதானே, அதற்குத் தோஷமில்லை என்று அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஆக, சாமி முன்னால் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றேன்.

மற்ற குறைகளைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். வெல்க்ரோ, நைட்டியைப் பிடிக்கும், சேலைக் கரையைப் பிடிக்கும், தரையில் கிடக்கும் முடியை எல்லாம் பிடிக்கும், ஒரு வருடம் போனதும் பிடிக்க வேண்டிய வாரை மட்டும் பிடிக்காது. ராத்திரி பாத்ரூம் போக அதைப் பிரித்தால் வீடே எழுந்துவிடும். திருச்சி அக்னி நட்சத்திரத்தில் மெத்தை உறைக்குள் காலை வைப்பது தண்டனை. உறையைக் கழற்றிக் கையால் துவைக்கலாம், ஆனால் காய ஒரு நாள் ஆகிறது, மாற்று உறை கடையில் இல்லை. விளையாட்டுச் சாமான் கடையில் ஃபுட்பால் சாக்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டால் வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், உறை தப்பிக்கும். காற்றுப் பையில் இடது பக்கம் மெதுவாகக் கசிகிறது. கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. காற்றை இறுக்கி அடித்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே இறக்கிவிட வேண்டும். கெண்டைக்கால் வலித்து, வீங்கி, சூடாகவும் இருந்தால் வார் இறுக்கம் என்று விட்டுவிடக் கூடாது, ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பிசியோ முதல் நாளே மிரட்டி வைத்திருந்தார்.

இன்ஷூரன்ஸில் பூட்டுக்குப் பைசா வராது. ஆபரேஷன் செலவைக் கொடுத்தார்கள். பூட், வாக்கர், கிரேப் பேண்டேஜ் எல்லாவற்றையும் சிவப்பில் அடித்துவிட்டார்கள். சண்டை போடலாம் என்று போய்க் கேட்டால், நடக்க உதவும் சாதனங்களும் கிரேப் பேண்டேஜும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பட்டியலிலேயே 'கொடுக்கத் தேவையில்லை' என்ற பக்கத்தில் இருந்தன. எலும்பு கூடினால் போதும், நடப்பது உன் பாடு என்று அர்த்தம் போலிருக்கிறது.

அந்த நடப்புதான் அசல் விஷயம். அங்கேதான் எனக்குப் பூட்டின் மேல் கோபமும், கொஞ்சம் பாசமும்.

எலும்பு கூட ஆறிலிருந்து எட்டு வாரம் என்றார்கள், கூடியது. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டர் சந்தோஷப்பட்டார். பூட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றிப் பார்த்தால் கெண்டைக்கால் சதை பாதியாகியிருக்கிறது, கணுக்கால் துருப்பிடித்த கீல் மாதிரி நிற்கிறது. சமதளத்தில் நடக்கப் பாதம் பத்து டிகிரி மேல்நோக்கி மடங்கினால் போதும். படி இறங்க அதைவிட அதிகம் வேண்டும். குந்தி உட்கார முப்பதுக்கும் மேலே போக வேண்டும். எனக்குப் பத்தே அப்போது கனவு. ஊரில் மாமனார் வீட்டு டாய்லெட் இந்திய முறையில் கட்டியது, அதனால் பொங்கலுக்கு ஊருக்கே போகவில்லை. வாசலில் குந்திக் கோலம் போடுவது இன்றைக்கும் முழுசாக வரவில்லை. குதிகால் தரையைத் தொடாமல், விரலில் நின்றபடி, நாலு புள்ளியோடு எழுந்துவிடுகிறேன். சாயங்காலமானால் வீக்கம். காலையில் தெரிகிற கணுக்கால் எலும்பு, ஆறாவது பீரியட் முடிந்ததும் காணாமல் போய்விடும். வீக்கம் வற்ற ஒரு வருடம்கூட ஆகலாம் என்று டாக்டர் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லியிருந்தார். அப்போது அதைக் கேட்கிற நிலையில் யார் இருக்கிறார்கள்?

மெதுவாகத் தேறுகிற இந்தக் காலம் முழுக்கப் பூட் காலில் இல்லை என்பதுதான் வேடிக்கை. பூட் இருந்தவரை பஸ்ஸில் ஏறினாலே யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். கண்டக்டர் நான் இறங்கி நிற்கும்வரை விசில் ஊத மாட்டார். பள்ளியில் எனக்குக் கீழ்த்தளத்து வகுப்புகள் மட்டும். பூட்டைக் கழற்றிய வாரமே டைம்டேபிளில் மாடி வகுப்புகள் திரும்பி வந்துவிட்டன. பஸ்ஸில் நின்றேன். வீட்டில், "அதான் பூட்டைக் கழட்டியாச்சே, இன்னும் ஏன் நொண்டுற?" உண்மையில் பூட்டோடு நடந்ததைவிட அது இல்லாமல்தான் நான் மெதுவாக நடந்தேன், வலியும் அப்போதுதான் அதிகம். வெளியே தெரிகிற மாதிரி காலில் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கெட்ட கால் முதலில் என்று பிசியோ கற்றுக்கொடுத்ததை முணுமுணுத்தபடி மாடிப்படியில் ஓரமாக இறங்குவேன். பின்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நெட்டித் தள்ளாத குறையாக நிற்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. பூட் இருந்திருந்தால் விலகி நின்றிருப்பார்கள்.

அதனால், தேவையே இல்லாமல் ஒரு கல்யாணத்துக்கு அதை மாட்டிக்கொண்டு போனேன். பிசியோவுக்குத் தெரியாது. ராஜ உபசாரம். வாசலிலேயே நாற்காலி, பந்திக்கு முட்டி மோத வேண்டியதில்லை, சாப்பாடு இருந்த இடத்துக்கே வந்தது. கூடவே ஆலோசனைகளும் வந்தன. ஆட்டுக்கால் சூப், பிரண்டைத் துவையல், "புத்தூர்க் கட்டு போட்டிருந்தா ப்ளேட்டே தேவைப்பட்டிருக்காது" என்று ஒரு பெரியப்பா. பிரண்டைத் துவையல் எனக்குப் பிடிக்கும், அதற்கு மட்டும் தலையாட்டினேன். எலும்புக்கு என்ன செய்ததோ, தயிர் சாதத்துக்கு நன்றாக இருந்தது. இந்த வசதியைப் பற்றியும் பெட்டியில் ஒரு வரி இல்லை, ஆனால் எனக்குப் பூட் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போது மதிப்பெண். வேலையைச் சரியாகச் செய்தது, காலைக் காப்பாற்றியது, பஸ்ஸில் இடம் வாங்கித் தந்தது. கூட்டிப் பார்த்தால் நாலு கொடுக்க வேண்டும். நான் இரண்டுதான் கொடுக்கிறேன். இன்றைக்கு மழை, ஸ்க்ரூ இருக்கும் பக்கம் காலையிலிருந்து குடைகிறது, இடுப்பும் இன்னும் எதையும் மறக்கவில்லை. வேறொரு நாள் கேட்டால் மூன்று கிடைக்கலாம்.

வாங்கலாமா என்று கேட்டாய் இல்லையா? வாங்காதே. இடது கால், வலது கால் வித்தியாசம் இதற்குக் கிடையாது, உனக்கும் எனக்கும் செருப்பு அளவு ஒன்றுதான், என் மீடியம் உனக்குச் சரியாக இருக்கும். எதற்கும் உன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். உறையைத் துவைத்து வைத்திருக்கிறேன். வார் இரண்டை அந்த அண்ணனிடமே மாற்றச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். உன் நல்ல கால் செருப்பு ஒன்றையும் உன் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்பு, ரப்பர் ஒட்டி வாங்கி வைக்கிறேன். பெரிய பையாகக் கொண்டு வரச் சொல், கட்டைப்பைக்குள் இது நுழையாது.