ஒன்பது நாள் எலும்பு வார்டில்: அந்த சிஸ்டர்களைப் பற்றி

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. என் தம்பி இனிமேலும் இதே திருச்சியில்தான் வேலை தேட வேண்டும், நாளைக்கு அவனுக்குப் பெண் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே ஒன்பது நாள் பார்த்த நர்சிங்கைப் பற்றி எழுதாமல் இருக்கவும் முடியவில்லை. எங்கள் நிலைமையில் இருக்கிற இன்னொரு வீட்டுக்கு இது உதவும்.

தம்பிக்கு 24 வயது. பைக்கில் போய் விழுந்து வலது தொடை எலும்பு முறிந்தது. அவனுக்கு டேபென்டடால் என்ற வலி மாத்திரையைப் போதைக்காகப் போடுகிற பழக்கம் உண்டு. அது ஊசியாகப் போட்டுக்கொள்கிற அளவுக்குப் போயிருந்தது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

முதலில் சேர்த்தது வேறொரு ஆஸ்பத்திரியில். கையைப் பார்த்ததுமே அங்கிருந்த நர்ஸ் முகத்தைச் சுளித்தார். "இவனுக்கெல்லாம் மருந்து குடுத்தா இன்னும் கேப்பான்" என்று அவன் காதுபடச் சொன்னார். ராத்திரி வலி தாங்காமல் கத்தியபோது பென்டசோசின் என்ற வலி ஊசி போட்டார்கள். கால் மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் வியர்த்து, வாந்தி எடுத்து, கைகால் உதற ஆரம்பித்துவிட்டது. "நடிக்கிறான்" என்றார்கள். விடியும்வரை அப்படியே கிடந்தான். காலையில் ஆம்புலன்ஸ் பிடித்து இங்கே கொண்டுவந்தோம்.

இங்கே நைட் டியூட்டி சிஸ்டருக்கு நாற்பது வயது இருக்கும், நாகர்கோவில் பக்கம். முதல் வேலையாக என்னையும் அம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு ஸ்கிரீனை இழுத்துவிட்டார். உள்ளே பேசியது எனக்குக் கேட்டது. "தம்பி, கடைசியா எப்போ போட்டே? ஒரு நாளைக்கு எத்தனை? எனக்குச் சரியா சொன்னாத்தான் உன் வலிக்குச் சரியா மருந்து கேட்டு வாங்க முடியும்." திட்டவில்லை, புத்தி சொல்லவில்லை. எங்களிடம் இரண்டு வருஷமாக மறைத்ததை அவரிடம் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிட்டான்.

அப்புறம் ட்ரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. முழங்கை மடிப்பெல்லாம் தழும்பு. முந்தைய இடத்தில் எட்டு முறை குத்தியிருந்தார்கள். இந்த சிஸ்டர் வெந்நீரில் டவலை நனைத்துக் கையில் சுற்றிவிட்டு, "உன் கையில எந்த நரம்பு நல்லா இருக்கும்னு எனக்கு முன்னாடி உனக்குத்தான் தெரியும், காட்டு" என்றார். முன்னங்கையின் பின்பக்கத்தைக் காட்டினான். ஒரே குத்தில் ஏறிவிட்டது. அப்போதுதான் தம்பி அழுதான்.

முந்தின நாள் என்ன நடந்தது என்பதையும் அவர்தான் விளக்கினார். டேபென்டடால், மார்பின் மாதிரியான ஓபியாய்டு வகை வலி மருந்துக்குப் பழகின உடம்பில் பென்டசோசின் போட்டால், ஏற்கெனவே இருக்கிற மருந்தின் வேலையைத் தடுத்து, போதை விடும்போது வருகிற அவஸ்தையை ஒரே நேரத்தில் கிளப்பிவிடுமாம். அவனுடைய கேஸ் ஷீட்டில் பென்டசோசின் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்தார்.

வலி மருந்து கொடுத்த முறையைத்தான் நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். இவன் கேட்டுக் கெஞ்சி வாங்க வேண்டியதே இல்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பாராசிட்டமால் ட்ரிப், அது தவறவே தவறாது. தொடைக்கு நரம்பு மரத்துப்போகிற ஊசியை மயக்க டாக்டர் போட்டார். ஆபரேஷன் செய்து ராடு வைத்த அன்று மார்பின். பழக்கம் உள்ளவனுக்கு மார்பினா என்று நான் பதறிப்போய்க் கேட்டேன். "பழக்கம் இருக்கிறதால வலி குறையாதுங்க. சாதாரண அளவு அவனுக்கு வேலை செய்யாது. வலியை அப்படியே விட்டா, தாங்காம எழுந்து போய் வெளியில வாங்கிப் போட்டுக்குவான், அதுதான் ஆபத்து" என்றார். மார்பின் பூட்டின அலமாரியில் இருக்கும். எடுக்கும்போது இரண்டு சிஸ்டர் கையெழுத்துப் போடுவார்கள். போட்ட பிறகு கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணுவார். மூச்சு குறைந்தால் கொடுக்க நாலாக்ஸோன் ட்ரேயிலேயே இருந்தது.

இரண்டாம் நாள் ராத்திரி அவன் மறுபடி புரண்டு புலம்பினான். வலிதான் என்று நான் நினைத்தேன். சிஸ்டர் டார்ச் அடித்துக் கண்மணியைப் பார்த்தார், பெரிதாக விரிந்திருந்தது. சட்டைக் கையை மேலே ஏற்றிவிட்டு விரலால் தடவினார், மயிர்க்கால் எல்லாம் குத்திட்டு நின்றது. மூக்கு ஒழுகியது, கொட்டாவிமேல் கொட்டாவி. "கால் வலியா, உடம்பு முழுக்க முறுக்குதா?" என்று கேட்டார். முறுக்கு என்றான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளில் மார்க் போட்டுக் கூட்டி, அந்த நேரத்திலும் டாக்டரை போனில் எழுப்பினார். வலி வேறு, போதை விடும்போது வருகிற அவஸ்தை வேறு என்று பிரித்துப் பார்க்க ஒருவர் இருந்ததால் அந்த ராத்திரி கழிந்தது.

குறை இல்லாமல் இல்லை. மதிய ஷிஃப்டில் ஒரு சின்னப் பெண், ஃபைல் அட்டையிலேயே 'டிரக் அடிக்ட்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, பக்கத்துக் கட்டில்காரர்கள் படிக்கிற மாதிரி மாட்டிவிட்டுப் போய்விட்டாள். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டிடம் போய்ச் சொன்னேன். அன்று சாயங்காலமே அட்டையை மாற்றினார்கள், அந்தப் பெண்ணும் வந்து மன்னிப்புக் கேட்டாள். சரி, விட்டுவிட்டேன். மாத்திரையை முழுங்கும்வரை நின்று பார்ப்பது தம்பிக்கு முதலில் அவமானமாக இருந்தது. எல்லாக் கட்டிலிலும் அப்படித்தான் நிற்கிறார்கள் என்று கவனித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

டிஸ்சார்ஜ் மட்டும் அவசரக் கோலம். மூன்று நாளுக்கான மாத்திரையை மட்டும் என் கையில் கொடுத்தார்கள், அது நல்லதுதான். ஆனால் போதை சிகிச்சைக்கு யாரிடம் போவது என்று நானாகக் கேட்ட பிறகுதான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்தார்கள். இதை அட்மிஷன் போட்ட நாளே தொடங்கியிருக்க வேண்டும். இப்போது போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையாக, நாக்கடியில் வைக்கிற புப்ரெனார்ஃபின் மாத்திரை எடுக்கிறான். பழைய மருந்து உடம்பிலிருந்து இறங்காமல் அதைத் தொடங்கினால் அந்த முதல் ராத்திரி மாதிரியே ஆகிவிடும் என்று, எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பதை நைட் சிஸ்டர்தான் டாக்டரிடம் கேட்டுத் தன் கையால் எழுதிக் கொடுத்தார்.

நர்சிங்குக்கு மட்டும் என்றால் ஐந்துக்கு ஐந்து தருவேன். டிஸ்சார்ஜுக்கு இரண்டு. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் அட்மிட் ஆனால், வலி மருந்து போடுவதற்கு முன்பே சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுப் பழக்கத்தைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் முதல் இடத்தில் அதை வாய்திறந்து சொல்லவில்லை.