ஆக்கினேட்டர்: நினைத்தவரைச் சொல்லும் பூதம்

பிரெஞ்சு நிறுவனமான எலோகென்ஸ் 2007-ல் வெளியிட்ட இணைய விளையாட்டு இது. பிரபலம் ஒருவரை நினைத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால், பெயரைக் கண்டுபிடித்துவிடும்.

ஆம், இல்லை, தெரியாது, இருக்கலாம், அநேகமாக இல்லை என ஐந்து பதில்கள். முன்பு விளையாடியவர்கள் தந்த பதில்களோடு ஒப்பிட்டுத்தான் ஆளைச் சுருக்குகிறது. சூத்திரம் அங்கேதான், சறுக்கலும் அங்கேதான். எம்.ஜி.ஆரை நினைத்துவிட்டு, “அரசியல்வாதியா?” என்பதற்கு நடிகர்தானே என்று “இல்லை” சொன்னால் தடம் மாறும். கண்டியில் பிறந்தவர் என்பதால் “இலங்கையில் பிறந்தவரா?” என்றால் “ஆம்”தான். உறுதியாகத் தெரியாததற்கு ஊகித்து “இல்லை” போடுவதைவிட “தெரியாது” எவ்வளவோ மேல். கை தவறினால் முந்தைய கேள்விக்குத் திரும்பிப் பதிலை மாற்றலாம்.

உலகப் புகழ் பெற்றவர்கள் என்றால் இருபது கேள்விகளுக்குள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். வட்டார நாடகக் கலைஞர், பழைய துணை நடிகர் என்றால் திணறும். அவர்களை நினைத்து விளையாடியவர்கள் குறைவு. முதல் ஊகம் தவறினால் உடனே வெளியேற வேண்டாம், தொடரச் சொல்லுங்கள். தோற்றால் பெயரைச் சேர்க்கலாம்.

தமிழில் கேள்விகள் இல்லை என்பது பெரிய குறை. சிறுவர்களுக்குத் தந்தால் குழந்தைகளுக்கான வடிகட்டியை இயக்கிவிட்டுக் கொடுங்கள். விளம்பரத் தொல்லை தனி.