சின்ன லேப்டாப்பில் மூன்று கெர்னல்கள்: நான்கு வருட அனுபவம்

என்னுடையது 11.6 அங்குல லேப்டாப். 2 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. ராம் போர்டிலேயே பற்றவைத்தது, கூட்ட வழியில்லை. 2021 கடைசியில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்டேன், அதில் கெர்னல் (வன்பொருளையும் நினைவகத்தையும் நிர்வகிக்கும் மையப் பகுதி) 5.10. 2023-இல் டெபியன் 12 வந்ததும் 6.1-க்குப் போனேன். அப்புறம், புதிய பதிப்புகளை நிலையான டெபியனுக்குத் தரும் பேக்போர்ட்ஸ் கிடங்கிலிருந்து 6.12. இப்போது மறுபடியும் 6.1.

5.10-இல் பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்தால் மவுஸ் அம்பு அசையாது. தட்டிய எழுத்துகள் அரை நிமிடம் கழித்து மொத்தமாக வந்து விழும். 6.1-இல் இது வெகுவாகக் குறைந்தது. ராமிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ராமை முன்பே போட்டிருந்ததால் அதன் புண்ணியம் என்று சொல்ல முடியாது. 6.1-இல் சேர்ந்த மல்டி-ஜென் எல்ஆர்யு வசதிதான் காரணம் என்று நினைக்கிறேன். ராம் நிரம்பும்போது எதை வெளியே தள்ளுவது என்று கெர்னல் முடிவு செய்தாக வேண்டும். இந்த வசதி நினைவகப் பக்கங்களைப் பல தலைமுறைகளாகப் பிரித்து, நெடுநேரம் தொடாதவற்றை முதலில் தள்ளுகிறது. என் கணினியில் அது அணைந்தே கிடந்தது. நானே இயக்கி, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் தானாக இயங்கும்படி வைத்துக்கொண்டேன். 2 ஜிபி வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பாருங்கள்.

6.12 போட்ட அன்று வைஃபை குறியே காணோம். என் வைஃபை சிப்புக்கான டிரைவர் கெர்னலோடு வருவதில்லை. தனியாக இறக்கி, டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாக ஒவ்வொரு கெர்னலுக்கும் கம்பைல் ஆக (மூலநிரலிலிருந்து இயங்கும் நிரலாக மாற) வேண்டும். கெர்னலின் உள் இடைமுகங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். கெர்னலுக்குள்ளேயே இருக்கும் டிரைவர்களை மாற்றத்தோடு சேர்த்தே திருத்திவிடுவார்கள். வெளியே இருப்பதை யாராவது திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நல்லவேளை, பழைய கெர்னலை நீக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்து, தொடக்கத்தில் கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய், அம்புக்குறியால் 6.1-க்கு இறங்கி என்டர் தட்டினேன். வைஃபை திரும்பி வந்தது. அன்றிலிருந்து வேலை செய்யும் ஒரு பழைய கெர்னல் இல்லாமல் நான் அப்டேட் செய்வதே இல்லை.

கெர்னலைச் சொந்தமாகக் கம்பைல் செய்தால் ராம் மிச்சமாகும் என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் டிரைவர் போன்ற கெர்னல் துண்டுகளான மாட்யூல்கள் தேவைப்பட்டால்தான் நினைவகத்தில் ஏறும். சும்மா வட்டில் கிடப்பவை ராமைத் தொடுவதில்லை. 32 ஜிபி இஎம்எம்சியில் சோர்ஸையும் கம்பைல் குப்பையையும் வைக்க இடமும் இருக்காது.

இப்படிச் சின்ன லேப்டாப் வாங்கும் முன் ப்ராசஸர் 64 பிட்டா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். 2025-இல் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்குக் கெர்னலே தருவதில்லை.

டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். அதுவரை இந்த லேப்டாப்பில் 6.1-ஐ மாற்றுவதாக இல்லை.