காந்தமா, கரண்டா: அம்மாவின் பேச்சுக்காகப் பார்த்த இரண்டு வழிகள்

அம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. கை கால் ஓரளவு தேறிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. நாற்பது வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்தவர். கத்திரிக்கோலைக் கையில் கொடுத்தால் கோடு பிசகாமல் வெட்டுவார். "இது என்னம்மா?" என்று கேட்டால், "கத்தி... கத்த... சீ, அது இல்ல" என்று தலையில் அடித்துக்கொள்வார். பொருள் தெரியும், பயன் தெரியும், பெயர் மட்டும் வாசல் வரை வந்து திரும்பிவிடும். இதற்கு அஃபேசியா என்று பெயர்.

ஸ்பீச் தெரபியோடு மூளைத் தூண்டலும் சேர்த்துப் பார்க்கலாம் என்று நரம்பியல் டாக்டர் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று காந்தம், அதாவது தலைக்கு மேல் கம்பிச்சுருளை வைத்துக் காந்தத் துடிப்பு கொடுக்கும் டி.எம்.எஸ். இன்னொன்று மெல்லிய கரண்ட், டி.டி.சி.எஸ். நாங்கள் கரண்டைத் தேர்ந்தெடுத்தோம். அதனால் இந்த அலசலில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"தலையில கரண்டா? ஷாக் ட்ரீட்மென்ட்டாடா?" என்று பெரியம்மா பதறினார். இல்லை. இதில் போவது ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியர்தான். மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பதும் கிடையாது.

காந்த முறைக்கு வயதும் பெயரும் அதிகம். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு செய்து காட்டியது. மனச்சோர்வு சிகிச்சைக்கு 2008-லேயே அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்துவிட்டது. பேச்சு விஷயத்தில் பாஸ்டனின் மார்கரெட் நேசர் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் பலரும் முதலில் எடுத்துச் சொல்வார்கள். இடது மூளை அடிபட்ட பிறகு வலது பக்கத்தின் ஒரு பகுதி அளவுக்கு மீறி வேலை செய்து, மீட்சிக்குக் குறுக்கே நிற்கிறது என்பது அவர்களுடைய கணிப்பு. விநாடிக்கு ஒரு துடிப்பு வீதம், தினம் 20 நிமிடம், பத்து அமர்வு கொடுத்து அந்தப் பக்கத்தை அடக்கினார்கள். படம் பார்த்துப் பெயர் சொல்வது மேம்பட்டது. ஆனால் அதில் இருந்தவர்கள் நான்கே பேர்.

எந்த இடம், எவ்வளவு வலு என்பதில் காந்தம் துல்லியமானது. கட்டை விரல் துடிக்கிறதா என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் அளவு வைப்பார்கள். தலைக்குள் உலோக கிளிப்போ காது இம்ப்ளான்ட்டோ இருந்தால் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவார்கள். அரிதாக வலிப்பு வரலாம் என்பதால் முன்பு வலிப்பு வந்தவர்களுக்கு ரொம்ப யோசிப்பார்கள். நாங்கள் ஒரு நாள் போய்ப் பார்த்ததோடு சரி, அம்மாவுக்குச் செய்துகொள்ளவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த காந்தம் பார்வையாளன் கண்ட காந்தம்தான்.

அந்த ஒரு நாளில்தான் முடிவும் ஆனது. காந்தம் ஓடும்போது தலையை அசைக்கக்கூடாது. 'டக், டக்' சத்தத்துக்குக் காதில் அடைப்பான் வைக்கிறார்கள். அந்த 20 நிமிடம் பேச்சுப் பயிற்சிக்கு வழியே இல்லை, முடிந்த பிறகுதான் ஆரம்பிக்கலாம். பெரிய ஆராய்ச்சி மையத்தில் அடுத்த அறையிலேயே தெரபிஸ்ட் காத்திருப்பார். நாங்கள் பார்த்த இடத்தில் காந்தம் காலை பத்து மணிக்கு, தெரபிஸ்ட் அறை வேறு கட்டடத்தில், அதுவும் மதியம் இரண்டு மணிக்கு. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு தினமும் பஸ்ஸில் வந்து, நான்கு மணி நேரம் காத்திருந்து, சோர்ந்துபோன அம்மா என்னத்தைப் பேசுவார்?

கரண்ட் விஷயம் அப்படியில்லை. உப்புத்தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்ச், ஒரு ரப்பர் பட்டை, கையடக்கப் பெட்டி, அவ்வளவுதான். முதல் ஒரு நிமிடம் எறும்பு ஊறுவது போல இருக்கும். ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் எரியும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டையைக் கட்டிக்கொண்டே அம்மா படத்தைப் பார்ப்பார், வார்த்தையைத் தேடுவார். இந்தக் கரண்ட் தானாக எந்த வார்த்தையையும் கொண்டுவராது. நரம்பணுக்களைக் கொஞ்சம் எளிதில் கிளம்பும் நிலையில் வைக்கும். அந்த நேரத்தில் நாம் என்ன பயிற்சி கொடுக்கிறோமோ அதற்குத்தான் பலன். சும்மா உட்கார வைத்துக் கரண்ட் கொடுப்பது ஆளில்லாத பஸ்ஸை ஓட்டுவது மாதிரி.

அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஃப்ரிட்ரிக்சன் குழு 74 பேரிடம் செய்து 2018-இல் வெளியிட்ட சோதனை இதை நன்றாகக் காட்டும். எல்லோருக்கும் பெயர் சொல்லும் பயிற்சி, 15 அமர்வு. 34 பேருக்கு நிஜக் கரண்ட், மற்ற 40 பேருக்குச் சும்மா ஒப்புக்கு வைத்த பட்டை. நிஜக் கரண்ட் பெற்றவர்களுக்குச் சராசரியாக 13.9 வார்த்தை கூடியது, மற்றவர்களுக்கு 8.2. எல்லோரும் அந்த வித்தியாசத்தைத்தான் பேசுவார்கள். என் கண் போனது 8.2-இல். கரண்டே இல்லாமல், வெறும் பயிற்சியில் வந்தது அது! அந்தச் சோதனையும் 'மேலே ஆராய்வது வீண் இல்லை' என்று பார்க்க வடிவமைத்ததுதான், நிரூபணம் ஆகாது. பேச்சுக்கு இரண்டு முறையும் இன்னும் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கின்றன.

அம்மாவுக்கும் 15 அமர்வு. தெரபிஸ்ட் வைத்திருந்த அட்டைகளில் பனி மனிதனும் இக்லூவும் இருந்தன. திண்டுக்கல் டெய்லருக்கு இக்லூ எதற்கு? அவருடைய பாபின், இஞ்ச் டேப், ஊக்கு, சுண்ணாம்புக் கட்டி எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனோம். ஒன்பதாம் நாள் 'கத்திரிக்கோல்' முழுசாக வந்தது. கரண்டால் வந்ததா, அட்டையால் வந்ததா, தானாகவே தேறியதா? ஒரே ஒரு அம்மாவை வைத்துச் சொல்ல முடியாது.

அக்கா மகள் ஜெர்மன் படிக்கிறாள். "எனக்கும் அதைக் கட்டினா வார்த்தை சீக்கிரம் ஏறுமா மாமா?" என்றாள். ஆரோக்கியமானவர்கள் புது வார்த்தை கற்பதற்கு உதவியது என்று 2008-இல் ஜெர்மனியிலேயே 19 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு உண்டு. அதை நம்பி 9 வோல்ட் பேட்டரியை நெற்றியில் கட்டிவிடாதே என்று சொல்லிவைத்தேன்.

அட்டையில் இருக்கும் பெயர் வந்துவிட்டால் பேச்சு வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அலசலும் அன்றாட உரையாடல் மேம்படுகிறது என்பதற்குச் சான்று இல்லை என்றே சொன்னது. பெரியம்மா போனில் அழைத்தால் அம்மாவிடமிருந்து இன்னும் "ஆமா... ஆமா... அதான்" தான் வருகிறது. கரண்ட் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. அட்டைக்கட்டு மிஷின் மேலேயே இருக்கிறது, சாயங்காலம் அரை மணி நேரம் உட்காருகிறோம். நேற்று பாபினைக் காட்டினேன். "தெரியும், போடா" என்றார். பாபின் என்று மட்டும் சொல்லவில்லை.