ஓவன் தெர்மாமீட்டர் வந்த பிறகு கேக் கருகவில்லை
கோடை முடிந்து சீக்கிரமே இருட்டத் தொடங்கினால் எனக்கு மனசு சோர்ந்துவிடும், அப்போதெல்லாம் பட்டைத்தூள் போட்டு ஒரு ஆப்பிள் கேக் செய்வேன், ஆனால் மேலே கருகி நடுவில் மாவாகவே நின்றுவிடும். இந்தத் தெர்மாமீட்டரை ஓவனின் நடுத்தட்டில் மாட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது: 180 டிகிரி வைத்தால் உள்ளே 205 காட்டுகிறது! இப்போது குறைத்து வைக்கிறேன், முள் 180-இல் நின்ற பிறகே கேக்கை உள்ளே வைக்கிறேன். நேற்று குச்சியைக் குத்திப் பார்த்தேன், துளி மாவு ஒட்டவில்லை. வீடு முழுக்கப் பட்டை வாசம், அப்படி ஒரு சந்தோஷம்.

சூட்டில் விரியும் உலோகச் சுருளால் இயங்குவதால் பேட்டரி தேவையில்லை. அடிக்கடி கேக், பிஸ்கட் செய்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். எண்கள் மட்டும் ரொம்பப் பொடி, கதவுக் கண்ணாடி வழியே படிக்கக் குனிய வேண்டியிருக்கிறது.