பாளையங்கோட்டை நீர்ச்செடிக் கடை: அல்லி அருமை, ஹைட்ரில்லாவில் கவனம் தேவை

பாளையங்கோட்டையில் நீர்ச்செடிகளை மட்டுமே விற்கும் ஒரு சிறு கடையில், சென்ற ஆவணியில் ஓர் அல்லிக் கிழங்கும், நீருக்குள் மூழ்கி வளரும் ஹைட்ரில்லா என்ற செடியில் இரண்டு கட்டும் வாங்கினேன். அல்லியில் ஒரு குறையும் இல்லை. ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, எந்த மண்ணில் எவ்வளவு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்பதையும் பொறுமையாகச் சொன்னார்கள். ஐப்பசி மழைக்கு முன்பே பூத்துவிட்டது.

ஹைட்ரில்லாவைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. தொட்டியில் இட்ட பத்தாம் நாள் தண்டுகள் மொட்டையாகி, நறுக்கிய இலைத் துண்டுகள் நீர்மேல் மிதந்தன. இழையால் ஒட்டியிருந்த இரண்டு துண்டுகளைப் பிரித்தபோது, பக்கங்களில் மயிரிழை போன்ற செவுள்களுடன் வெளிறிய புழு ஒன்று நெளிந்தது. அம்பாசமுத்திரத்தில் எங்கள் பிசான வயலில், நெல் இலை நுனியை வெட்டிக் குழலாகச் சுருட்டி அதற்குள் இருந்தபடியே மிதந்து செல்லும் கூண்டுப்புழுவைச் சிறுவயதிலேயே பார்த்தவன் என்பதால், இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று உடனே தெரிந்தது. நெல்லைத் தின்பது பாராபாயின்க்ஸ் ஸ்டாக்னாலிஸ். ஹைட்ரில்லாவைத் தின்பது அதே பேரினத்தைச் சேர்ந்த பாராபாயின்க்ஸ் டிமினுட்டாலிஸ். நீருக்கடியில் செவுளால் மூச்சுவிட்டு வளர்ந்து, தண்டோடு ஒட்டிய கூட்டுக்குள் உருமாறி, வெண்சிறகில் பழுப்புக் கோடுகளோடு மேலே வரும் இந்தச் சிறு அந்துப்பூச்சியை எனக்கு வெறுக்கத் தோன்றவில்லை. ஆயினும் ஆசியாவைச் சேர்ந்த இப்பூச்சி 1976-இல் ஃப்ளோரிடாவில் கண்டறியப்பட்டதையும், பிரிட்டனின் நீர்ச்செடிப் பண்ணைகளில் தென்பட்டதையும் எண்ணும்போது, செடி விற்பவர்களுக்கு இதில் பொறுப்பு உண்டு என்றே கருதுகிறேன்.

முறையிட்டபோது கடைக்காரர் மறுப்புச் சொல்லாமல் புதுக்கட்டு தந்தார். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் வந்திறங்கும் செடிகள் அனைத்தையும் ஒரே சிமெண்டுத் தொட்டியில்தான் இன்னும் போடுகிறார்கள். அன்று மாலை அத்தொட்டியின் விளிம்பிலேயே இரண்டு வெள்ளைப் பூச்சிகள் அமர்ந்திருந்தன. புதுச்செடிகளை இரண்டு வாரமாவது தனித்தொட்டியில் வலைபோட்டு வைத்த பிறகே விற்க வேண்டும்.

அல்லிக்கும் தாமரைக்கும் இக்கடைக்குத் தயங்காமல் செல்லலாம். ஹைட்ரில்லா வாங்குவோர், நீரின் மேல்மட்டத்தில் படர்ந்த இலைகளில்தான் முட்டை இடப்படும் என்பதால், அப்பகுதியைத் திருப்பிப் பார்த்து, ஒட்டிய இலைத் துண்டுகளைக் கையாலேயே பொறுக்கிவிடுங்கள். மீன் உள்ள தொட்டியில் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம்.