ஊலாங்: வேடனா, அரண்மனையா, இலையா?

ஊலாங் என்ற சீனத் தேயிலையின் பெயரைச் சீன எழுத்தில் பார்த்தால் பொருளில் குழப்பமே இல்லை. 'வூ' என்றால் காகம், அதன் நிறமான கருப்பு. 'லோங்' என்றால் டிராகன். கருப்பு டிராகன் எப்படித் தேயிலைக்குப் பெயரானது என்பதில்தான் வழக்கு. போட்டியில் நிற்கும் மூன்று விளக்கங்களும் தென்கிழக்குச் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தைச் சேர்ந்தவை.

அதிகம் சொல்லப்படுவது அன்ஷி வட்டாரத்து வேடன் கதை. வெயிலில் கருத்த ஆள், அதனால் ஊரார் 'வூலோங்' என்றே கூப்பிட்டார்களாம். தேயிலை பறித்துத் திரும்பும்போது மானைத் துரத்தி ஓடினான். கூடையில் இலைகள் குலுங்கி நசுங்கின. கறி கிடைத்த சந்தோஷத்தில் இலையை வறுக்க மறந்துவிட்டான். மறுநாள் பார்த்தால் ஓரமெல்லாம் சிவந்து, மணம் தூக்கலாக வீசியது. தயாரிப்பு முறையும் உண்மையில் இதுதான்: மூங்கில் தட்டில் இலையைக் குலுக்கி, ஓரம் கன்றிச் சிவந்ததும் வறுப்பார்கள். ஆனால் காலம் இடிக்கிறது. கதை நடந்ததாகச் சொல்வது யோங்ஜெங் பேரரசர் ஆட்சியில், அதாவது 1723–1735. அதே ஃபுஜியனில் உள்ள வூயி மலைத் தேயிலையைப் பரப்பி, குலுக்கி, மணம் எழுந்ததும் வறுப்பதையும், அதில் பாதி பச்சை பாதி சிவப்பு தெரிவதையும் வாங் சாவ்டாங் என்ற எழுத்தாளர் 1717 வாக்கிலேயே எழுதிவிட்டார். வேடனுக்கு முந்தியே முறை இருந்திருக்கிறது.

அரண்மனை விளக்கம் இன்னும் பழையது. சோங் வம்சக் காலத்தில் (960–1279) பெய்யுவான் என்ற அரசுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து டிராகன், ஃபீனிக்ஸ் முத்திரை பதித்த தேயிலை வில்லைகள் அரசருக்குப் போயின. 1391இல், பின்னால் வந்த மிங் வம்சத்தின் முதல் அரசரான ஹோங்வூ பேரரசர் வில்லைகளை நிறுத்தி, உதிரி இலையே போதும் என்றார். வில்லை போனாலும் டிராகன் பெயரில் தங்கிவிட்டது என்கிறார்கள். பெய்யுவான் இருந்த ஜியான்ஓவில் 'குட்டை ஊலாங்' என்ற செடிவகை இன்றும் உண்டு. ஆனாலும் அந்த வில்லை ஆவியில் வேகவைத்து, அரைத்து, அழுத்திச் செய்தது. குலுக்கிச் சிவக்கவைக்கும் முறைக்கும் அதற்கும் ஒட்டே இல்லை.

என் ஓட்டு மூன்றாவதற்கு: பெயர் இலையின் தோற்றத்தால் வந்தது. வூயி தேயிலையில் ஒரு சிட்டிகை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். கரும்பழுப்பு நிறம், முறுக்கிய நீள உடல், வளைந்த நுனி. மணி மணியாக உருட்டிய அன்ஷி ஊலாங்கை மட்டும் பார்த்தவர்கள் 'டிராகன் எங்கே?' என்று கேட்கலாம். அந்த இறுக்கமான உருண்டை பிற்காலத்து வழக்கம்.

சரி, தைவானில் 'பச்சை நெஞ்சு ஊலாங்' என்று செடிக்கும் இதே பெயர் இருக்கிறதே, பெயர் செடியிலிருந்து வந்ததோ என்றால், அப்படிச் செடி இருக்கிறதுதான். ஆனால் அன்ஷியின் பேர்பெற்ற தியேகுவான்யின் வேறு செடி. அதன் தேயிலையையும் ஊலாங் என்றுதான் விற்கிறார்கள்.